கவிழ்த்துப் பார்க்க வேண்டிய கோப்பைகள்

ஜெர்மனியில் பழைய சாமான் சந்தைக்குப் போனால், பீங்கான் சேகரிப்பவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கோப்பையைக் கையில் எடுத்ததும் அதில் வரைந்திருக்கும் பூவைப் பார்க்க மாட்டார், கவிழ்த்து அடியைப் பார்ப்பார். அப்புறம் வாய் விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டுவார், நகத்தால் லேசாகச் சுண்டுவார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பூ கடைசியில்தான்.

என் மேசையில் இப்போது ஒரு காபிக் கோப்பையும் அதன் சாஸரும் இருக்கின்றன. தந்த நிறம், விளிம்பில் ஒரு பொன் கோடு, உள்ளே ஒரு சின்ன ரோஜாக் கொத்து. பவேரியாவில் ஒரு சனிக்கிழமைச் சந்தையில் வயதான பெண்மணி ஒருவர் செய்தித்தாளில் சுற்றி மூன்று யூரோவுக்குக் கொடுத்தார். அடியில் பச்சை நிறத்தில் ஆலையின் சின்னம், கீழே 'பவேரியா', அதற்கும் கீழே 'ஜெர்மனி, யு.எஸ். ஸோன்'.

அந்தக் கடைசி வரியால் கோப்பையின் வயது கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது. போர் முடிந்த 1945க்கும், மேற்கு ஜெர்மனி என்ற நாடு உருவான 1949க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் இப்படி அச்சிட்டார்கள். ஜெர்மனி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பவேரியா அமெரிக்கப் படையின் பொறுப்பில் இருந்தது. சாப்பாடு ரேஷன் அட்டையில் கிடைத்த காலம். அந்த நாட்களில் யாரோ ஒருவர் சுழலும் சக்கரத்தில் இந்தக் கோப்பையை வைத்து, தூரிகையை அசையாமல் பிடித்து, இந்தப் பொன் கோட்டைப் போட்டிருக்கிறார். கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரும் இடத்தில் பொன் ஒரு மயிரிழை தடிப்பாக இருக்கிறது. கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

ஜெர்மன் பீங்கான் என்றதும் ஏலக்கூடத்தில் லட்சக்கணக்கில் போகும் அரண்மனைப் பொருள்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது வீட்டு மேசைக்காகச் செய்த தட்டு, கோப்பை, கிண்ணம், காபிக் கூஜா பற்றி. இன்றைக்கு இவை மலிவு. ஆனால் ஜெர்மனியின் முந்நூறு ஆண்டுகளை இவ்வளவு குறைந்த செலவில், கையில் தொட்டுப் படிக்க வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில், எதைப் பீங்கான் என்கிறோம்? தமிழில் ஊறுகாய் ஜாடியும் பீங்கான்தான், விருந்துத் தட்டும் பீங்கான்தான். மலாய் மொழியில் தட்டுக்கே 'பிங்கான்' என்று பெயர். ஜெர்மன்காரர்கள் இதில் கறார். சுட்ட பிறகும் உள்ளே நீர் உறிஞ்சும் மண்பாண்டம் ஒரு வகை, ஊறுகாய் ஜாடி போலக் கெட்டிப்பட்ட கல்பாண்டம் இன்னொரு வகை. வெள்ளையாக, கெட்டியாக, வெளிச்சம் ஊடுருவுவதாக இருந்தால்தான் அது போர்சலின். பழைய 'வில்லராய் அண்ட் போக்' தட்டுகள் பலவும் அந்தக் கணக்கில் போர்சலின் ஆகாது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் உள்ள விரல் நிழல் தெரியாது.

அந்த வெளிச்சத்துக்காகத்தான் ஐரோப்பிய அரசர்கள் பைத்தியமாக அலைந்தார்கள். சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்த பொருள் அது. ஐரோப்பாவில் ஒருவருக்கும் சூட்சுமம் பிடிபடவில்லை. சாக்ஸனியை ஆண்ட 'பலசாலி' ஆகஸ்டஸ், இந்த மோகத்தை ஒரு நோய் என்றே ஒப்புக்கொண்டவர். 1717ல் அவர் பிரஷ்ய அரசருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 151 சீனப் பீங்கான் பொருள்களை வாங்கிக்கொண்டார். ஆட்களை எண்ணிக் கொடுத்து ஜாடி வாங்கிய கணக்கு. அதில் வந்த பெரிய நீல வெள்ளை ஜாடிகளுக்கு அந்த வீரர்களின் பெயராலேயே 'டிராகூன் ஜாடிகள்' என்று பெயர் நின்றுவிட்டது. டிரெஸ்டனின் ஸ்விங்கர் அரண்மனையில் இப்போதும் பார்க்கலாம்.

இந்தப் பேரம் நடப்பதற்கு முன்பே அவரிடம் சொந்தமாக ஒரு பீங்கான் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அது பிறந்த கதை தங்கத்தில் தொடங்குகிறது. யோஹான் ஃப்ரீட்ரிஷ் பெட்கர் பெர்லினில் மருந்துக்கடையில் தொழில் பழகிய பையன். மட்டமான உலோகத்தைத் தங்கமாக்கத் தெரிந்தவன் என்று பேர் பரவிவிட்டது. 1701ல் பிரஷ்ய அரசருக்குப் பயந்து சாக்ஸனிக்கு ஓடினான், அங்கே ஆகஸ்டஸ் பிடித்து வைத்துக்கொண்டார். அப்போது வயது 19. வருடங்கள் போயின, தங்கம் வரவில்லை. அவனைக் கவனித்துக்கொள்ள வைத்த அறிஞர் சிர்ன்ஹவுஸ், பெரிய கண்ணாடி வில்லைகளால் வெயிலைக் குவித்துக் கனிமங்களை உருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். தங்கத்தை விட்டு மண்ணின் பக்கம் பெட்கரைத் திருப்பியவர் அவர்தான்.

1708 ஜனவரி 15 தேதியிட்ட ஒரு சோதனைக் குறிப்பு இருக்கிறது. வெள்ளைக் களிமண்ணையும் அலபாஸ்டர் கல்லையும் வெவ்வேறு அளவில் கலந்து சுட்டதில், சில கலவைகள் வெள்ளையாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் வந்ததை அது சொல்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்துபோனார். 1709 மார்ச்சில் பெட்கர் அரசருக்குத் தகவல் சொன்னார். 1710ல் மைஸன் நகரத்துக் கோட்டைக்குள் ஆலை தொடங்கியது. ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகவே குன்றின் மேல் இருந்த கோட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்கர் 1719ல், 37 வயதில் செத்துப்போனார். உண்மையில் கண்டுபிடித்தது யார் என்று இன்றும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால் சிர்ன்ஹவுஸுக்குப் பாதிக்கு மேல் பங்கு உண்டு. சூட்டைத் தாங்கும் சூளை இல்லாமல் இது நடந்திருக்காது, அந்தச் சூட்டைப் பற்றி யோசித்தவர் அவர்.

சூடு என்றால் எவ்வளவு? ஜெர்மன் வகைக் கடினப் பீங்கானில் சீனக்களிமண் ஏறக்குறைய பாதி, மீதியில் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள். முதல் முறை சுமார் 900, 1000 டிகிரியில் சுடுவார்கள். அப்புறம் கண்ணாடிப் பளபளப்பு தரும் பூச்சான மெருகுக் குழம்பில் முக்கி எடுத்து 1400 டிகிரிக்கு ஏற்றுவார்கள். ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்றதை எல்லாம் பிணைத்துக்கொள்ளும். பாத்திரம் ஆறில் ஒரு பங்கு சுருங்கும். நீங்கள் பிடித்திருக்கும் கோப்பை, அச்சிலிருந்து எடுத்தபோது ஒரு சுற்றுப் பெரியதாக இருந்தது. இவ்வளவு சூட்டில் மெருகு உருகிச் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், பாத்திரம் உட்காரும் வளையத்தில் மட்டும் மெருகைத் துடைத்துவிடுவார்கள். தட்டைக் கவிழ்த்து அந்த வளையத்தைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். போர்சலினை அடையாளம் காண நான் நம்பும் முதல் சோதனை அதுதான்.

வண்ணத்திலும் இந்தச் சூடுதான் விதி. அந்தக் கால வண்ணங்களில் 1400 டிகிரியைத் தெம்பாகத் தாங்கி நின்றது கோபால்ட் நீலம். அதனால் மெருகுக்கு அடியிலேயே வரையலாம். சிவப்பு, இளஞ்சிவப்பு, பொன் எல்லாம் மெருகுக்கு மேலே வரைந்து, 800 டிகிரி வாக்கில் இன்னொரு முறை சுட வேண்டியவை. நீல வெள்ளைத் தட்டு நூறு வருஷம் கழித்தும் புதிதாக இருப்பதும், ரோஜாத் தட்டில் கரண்டி படும் இடத்தில் இதழ்கள் தேய்ந்திருப்பதும் இதனால்தான்.

நீல வெள்ளை என்றால் 'வெங்காயக் கோலம்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1740ஐ ஒட்டி மைஸனில் உருவானது. சீனத் தட்டுகளில் இருந்த மாதுளம்பழத்தையும் பீச் பழத்தையும் பார்த்து வரைந்தார்கள், ஜெர்மன் கண்ணுக்கு அவை வெங்காயமாகத் தெரிந்தன. பெயர் அப்படியே நின்றது. இதற்கு உரிமைக் காப்பு கிடையாது என்பதால் யார் யாரோ போட்டார்கள். இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில் துபி என்ற ஊரில் போட்டார்கள், மைஸன் நகரத்திலேயே இருந்த வேறொரு ஆலையும் போட்டது. அந்த ஆலை ஊர்ப் பெயரை முத்திரையாகக் குத்தியது. ஊர்ப் பெயர்தானே, பொய் இல்லை. ஆனால் 'மைஸன்' என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரச ஆலை 1888ல் ஒரு வழி செய்தது: கோலத்தில் உள்ள மூங்கில் தண்டின் அடியில், தட்டின் முன்பக்கத்திலேயே, தன் குறுக்கு வாள் சின்னத்தை வரையத் தொடங்கியது. வெங்காயத் தட்டைப் பார்த்தால் முதலில் மூங்கிலின் அடியைப் பாருங்கள். வாள் இல்லாவிட்டால் ஒன்று 1888க்கு முந்தையது, இல்லையென்றால் வேறு ஆலையுடையது.

சாக்ஸனி மக்கள் காபியைப் பற்றிச் சொல்லும் ஒரு வார்த்தை எனக்கு மிகவும் பிடிக்கும்: 'ப்ளூம்ஷன் காஃபே', பூக்காபி. கோப்பையின் அடியில் வரைந்த பூ தெரியும் அளவுக்குத் தண்ணியான காபி. பீங்கானும் சிக்கனமும் ஒரே வீட்டில் குடியிருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மைஸனைப் பார்த்து மற்ற அரசர்களும் ஆரம்பித்தார்கள். 1747ல் ஃபுர்ஸ்டன்பெர்க், அதே ஆண்டில் பவேரிய அரச குடும்பத்தின் நிம்ஃபன்பர்க். பெர்லினில் ஒரு வணிகரின் ஆலையைப் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் 1763ல் 2,25,000 தாலருக்கு வாங்கினார். செங்கோல் முத்திரை போட்ட கே.பி.எம். (அரச பீங்கான் ஆலை என்பதன் ஜெர்மன் சுருக்கம்) அதுதான். இந்த ஆலையின் வரலாற்றில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 1769ல் அரசர் ஓர் ஆணை போட்டார். யூதர்கள் திருமணம் செய்யவோ வீடு வாங்கவோ அனுமதி கேட்டால், ஒரு குறிப்பிட்ட தொகைக்கு அரச ஆலையின் பீங்கானை வாங்கி வெளிநாட்டில் விற்றுக்கொள்ள வேண்டும். நஷ்டம் அவர்கள் தலையில். அந்தப் பொருளுக்கு 'யூதப் பீங்கான்' என்றே பெயர் வந்தது. அழகான பொருளை வைத்திருப்பவர் அதன் இந்தப் பக்கத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது அரசர்கள் காலம். என் கோப்பை பிறந்த உலகம் அடுத்தது.

பவேரியாவின் வடகிழக்கு மூலையில், செக் எல்லையை ஒட்டி ஃபிஷ்டல் மலைத்தொடர் இருக்கிறது. துரிங்கியாவிலிருந்து வந்த பீங்கான் ஓவியர் ஹுட்ஷன்ராய்டர், 1814ல் அங்கே ஹோஹன்பெர்க் என்ற ஊரில் தொழில் தொடங்கினார். ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் பக்கத்திலேயே கிடைத்தன, சூளைக்கு விறகு காட்டில் இருந்தது. பின்னால் ரயில் வந்ததும் பொஹீமியாவிலிருந்து நல்ல சீனக்களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் வந்து இறங்கின. பக்கத்து ஊரான செல்ப் நெசவாளர் ஊர். 1856ல் ஊரே தீப்பிடித்து எரிந்தது. அடுத்த ஆண்டே ஹுட்ஷன்ராய்டரின் மகன் லோரன்ஸ் அங்கே ஓர் ஆலையைத் தொடங்கினார். வீடும் தறியும் இழந்தவர்கள் பீங்கானுக்குப் போனார்கள். செல்ப், ஆர்ட்ஸ்பெர்க், ஷிர்ண்டிங், வைடன், டிர்ஷன்ராய்ட் என்று அந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களைத்தான் நாம் இன்று தட்டுகளின் அடியில் படிக்கிறோம்.

1879ல் ஃபிலிப் ரோசந்தால் என்ற இளைஞர் செல்புக்குப் பக்கத்தில் ஒரு கோட்டையில் ஓவியப் பட்டறை போட்டார். அமெரிக்காவில் பீங்கான் கொள்முதல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஹுட்ஷன்ராய்டரிடம் வெள்ளைப் பாத்திரம் வாங்கி, மேலே வரைந்து விற்றார். முதலில் நன்றாக விற்றது 'எரியும் சுருட்டுக்கு ஓய்விடம்' என்று எழுதிய சாம்பல் கிண்ணம். பிறகு சொந்தமாகச் சூளை வைத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் மனைவி பெயரில் வந்த 'மரியா' வகை, எண்கோண விளிம்பில் புடைப்பாக மாதுளை வைத்த வெள்ளைத் தட்டு, இன்றும் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும். வெங்காயமாகிப்போன மாதுளை இங்கே மாதுளையாகவே திரும்பி வந்தது என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ரோசந்தால் குடும்பம் யூத வழி வந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், தான் கட்டிய நிறுவனத்திலிருந்தே அவர் வெளியேற்றப்பட்டார். 1937ல் இறந்தார். ஆனால் அவர் பெயர் அந்த ஆண்டுகள் முழுக்கத் தட்டுகளின் அடியில் அப்படியே இருந்தது, ஏனென்றால் பெயருக்குச் சந்தை மதிப்பு இருந்தது. போருக்குப் பிறகு 1950ல் மகன் திரும்பி வந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1930களின் ரோசந்தால் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அந்தப் பெயரைப் படிக்கும்போது மனசு கனக்கும். இதே காலத்தில் அல்லாக் என்ற ஊர்ப் பெயரில் நாஜிகளின் எஸ்.எஸ். படை நடத்திய பீங்கான் ஆலையும் உண்டு. டாஹாவ் வதைமுகாமின் கைதிகளைக் கொண்டு வேலை வாங்கியது. அதன் பொருள்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், என் அலமாரியில் வேண்டாம்.

சரி, இவ்வளவு தட்டும் கோப்பையும் யாருக்காகச் செய்தார்கள்? பதில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று, நான்கு மணியில் இருக்கிறது. ஜெர்மன் குடும்பங்களில் அது காபியும் கேக்கும் சாப்பிடும் நேரம். அன்றாடப் பாத்திரம் வேறு, 'நல்ல பாத்திரம்' வேறு. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குத் துணியோடு பீங்கானும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆறு பேருக்கோ பன்னிரண்டு பேருக்கோ என்று கணக்கு. கண்ணாடி அலமாரியில் இருக்கும், விசேஷ நாளில் மட்டும் இறங்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு வாசலில் நண்பர்கள் பழைய பீங்கானைப் போட்டு உடைப்பார்கள், உடைந்த துண்டு அதிர்ஷ்டம் தரும் என்று. மணமக்கள் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும். கண்ணாடியை மட்டும் உடைக்கக் கூடாது.

முழு செட் வாங்க வசதியில்லாதவர்களுக்கு 'ஸம்மல்டாஸ' இருந்தது. சேர்க்கும் கோப்பை என்று பொருள். ஒரு கோப்பை, ஒரு சாஸர், ஒரு சின்ன கேக் தட்டு, மூன்றும் ஒரே அலங்காரத்தில். பிறந்தநாளுக்கு ஒன்று, தேவாலயச் சடங்குக்கு ஒன்று என்று பெண் பிள்ளைகளுக்குப் பரிசாக வரும். ஒன்று கோபால்ட் நீலத்தில், இன்னொன்று ரோஜாவில், ஒன்றுக்கொன்று பொருந்தவே வேண்டாம். மேசையில் ஆளுக்கு ஒரு விதக் கோப்பை இருக்கும், அது யார் கொடுத்தது என்று வீட்டுக்காரிக்குத் தெரியும். என்னைப் பொறுத்தவரை ஜெர்மன் பீங்கான் சேகரிப்பின் இதயம் மைஸன் இல்லை, இந்த ஸம்மல்டாஸதான். இன்றைக்குச் சந்தையில் வருபவற்றில் பெரும்பாலானவை 1950கள், 60களுடையவை. என் மூன்று யூரோ கோப்பை கொஞ்சம் மூத்தது.

அதே ஆலைகளில், பொன்னும் பூவும் இல்லாத இன்னொரு ஓட்டமும் இருந்தது. 1931ல் ஹெர்மன் கிரெட்ஷ் ஆர்ட்ஸ்பெர்க் ஆலைக்கு ஒரு வெள்ளை செட் வரைந்தார். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, அச்சு எண்ணே பெயர்: 1382. உருண்டையான கூஜா, நீர் சொட்டாத மூக்கு, கையில் அடங்கும் பிடி. உடைந்தால் ஒன்றை மட்டும் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் புதுமை. பரம்பரை சீதனமாக ஒரே தடவையில் வாங்க வேண்டிய கட்டாயம் போனது. 1936ல் மிலானிலும் 1937ல் பாரிஸிலும் பரிசு பெற்றது. அதே 1931ல் பெர்லின் கே.பி.எம்மில் ட்ரூட பெட்ரி 'உர்பினோ' என்ற செட்டைச் செய்தார். 1969ல் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் ரோசந்தாலுக்காக அரைக்கோள வடிவில் 'டாக்' என்ற தேநீர் செட் வரைந்தார். வடிவமைப்பு பிடித்தவர்கள் இந்தப் பக்கம் போகிறார்கள். இவற்றுக்குத்தான் இப்போது விலை நிற்கிறது.

முத்திரைக்கு வருவோம். ஆலை முத்திரைகளை முழுக்கப் பட்டியல் போட்டால் தடித்த புத்தகம் ஆகும், ஆகியும் இருக்கிறது. எனக்கு உதவும் சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன். நாட்டின் பெயர் இல்லாமல் ஆலைச் சின்னம் மட்டும் இருந்தால், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு என்று சந்தேகப்படலாம். இங்கிலாந்து 1887ல் போட்ட சட்டமும் அமெரிக்கா 1890ல் போட்ட சுங்கச் சட்டமும்தான் ஏற்றுமதிச் சரக்கில் 'ஜெர்மனி' என்று எழுத வைத்தன. உள்நாட்டுக்குப் போனதில் பிறகும் எழுதாமல் விட்டதுண்டு, ஆகவே சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949க்குப் பின், 1990க்கு முன். 'ஜி.டி.ஆர்.' என்று இருந்தால் கிழக்கு. துரிங்கியாவின் காலா, ஃபோல்க்ஷ்டெட் போன்ற பழைய ஆலைகள் அப்போது அந்தப் பக்கம் இருந்தன.

'டிரெஸ்டன்' என்ற முத்திரையில்தான் குழப்பம் அதிகம். அது ஓர் ஆலையின் பெயர் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் டிரெஸ்டன் நகரத்தில் பல ஓவியப் பட்டறைகள் இருந்தன. எங்கோ செய்த வெள்ளைப் பாத்திரத்தை வாங்கி, மைஸன் பாணியில் பூ வரைந்து விற்றார்கள். ஹெலனா வுல்ஃப்ஸோன் பட்டறை, ஆகஸ்டஸின் பெயர்ச் சுருக்க எழுத்துகளையே முத்திரையாகப் போட, மைஸன் வழக்குத் தொடுத்து நிறுத்தியது. அதற்காக டிரெஸ்டன் ஓவியத்தை மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், சில மிக நேர்த்தி.

மைஸனின் குறுக்கு வாள் 1722 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது, சாக்ஸனியின் அரசச் சின்னத்திலிருந்து எடுத்தது. உலகத்தில் அதிகம் போலி செய்யப்பட்ட பீங்கான் முத்திரை அதுவாகத்தான் இருக்கும். அசல் வாள் மெருகுக்கு அடியில், தூரிகையால் போட்டது, ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு மாதிரி. வாள் மேல் குறுக்கே கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், தரம் குறைந்த உருப்படி என்று ஆலையே சக்கரத்தால் வெட்டியது. வாங்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

முத்திரை மட்டுமே பார்த்து வாங்கி நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். ஒரு காபிக் கூஜா, அடியில் சரியான முத்திரை, வடிவம் அருமை. வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் வைத்தபோதுதான் மூடி வேறு ஒரு செட்டினுடையது என்று தெரிந்தது. வாய் அளவு பொருந்தியது, வெள்ளை பொருந்தவில்லை. கூஜாவின் வெள்ளையில் ஒரு சாம்பல் நீலச் சாயை, மூடியில் மஞ்சள். ஒவ்வொரு ஆலையின் மண்ணுக்கும் ஒரு வெள்ளை உண்டு. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூடிதான் எப்போதும் முதலில் உடையும் என்பதால், மூடியுள்ள எதையும் வாங்கும்போது இரண்டையும் ஒட்டி வைத்து நிறம் பாருங்கள்.

அப்புறம் காது. ஆள்காட்டி விரல் நகத்தால் சுண்டினால் நல்ல பீங்கான் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டக்' என்று செத்த ஒலி. சின்ன உருப்பெருக்கி ஒன்று பையில் இருக்கட்டும். பூவைப் பெரிதாக்கிப் பார்த்தால், புள்ளி புள்ளியாகத் தெரிவது ஒட்டு அச்சு, அதாவது அச்சிட்ட படத்தை ஒட்டியது; தூரிகைத் தடம் தெரிவது கைவேலை. அச்சிட்ட கோட்டுக்குள் கையால் நிறம் கொடுத்ததும் உண்டு. ஒட்டு அச்சு கேவலம் இல்லை. அது இல்லாமல் ஒரு நெசவாளி வீட்டு மேசைக்கு ரோஜா வந்திருக்காது.

இவ்வளவும் ஏன் இவ்வளவு மலிவு? அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பேர் செட்டை வைக்க இடமில்லை. பொன் விளிம்பு பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஆகாது, மைக்ரோவேவில் பொறி பறக்கும். ஞாயிறு காபிக்கு உறவினர் கூட்டம் வருவதும் குறைந்துவிட்டது. ஆலைகளும் தாங்கவில்லை. ஹுட்ஷன்ராய்டர் 2000ல் ரோசந்தாலோடு சேர்ந்தது. ரோசந்தாலே 2009ல் திவாலாகி இத்தாலிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. செல்பில் பழைய ரோசந்தால் ஆலைக் கட்டடம் இப்போது பீங்கான் அருங்காட்சியகம். ஆகவே பணம் பெருகும் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். முழு செட் வாங்கினால் அதே விலைக்கு விற்பதே கஷ்டம்.

வாங்கினால் பயன்படுத்துங்கள். மெருகுக்கு அடியில் உள்ள நீலமும் வெறும் வெள்ளையும் தைரியமாகப் புழங்கலாம். மெருகுக்கு மேல் வரைந்த பழைய வண்ணங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கக்கூடும், அதனால் உணவு படும் இடத்தில் அப்படி வரைந்த தட்டில் புளிப்பானதை ஊற்றி வைக்காதீர்கள். காபிக்கறைக்குச் சோடா உப்பை நனைத்து விரலால் தேய்த்தால் போதும், பொன் மேல் மட்டும் தேய்க்காதீர்கள். பாத்திரத் தேய்ப்பான் பக்கமே போக வேண்டாம். தட்டுகளை அடுக்கும்போது நடுவில் ஒரு தாள் வையுங்கள், மெருகில்லாத அந்தச் சொரசொர வளையம்தான் கீழ்த்தட்டின் பூவை அரம் போல அராவும்.

என் கோப்பையின் அடியில், பச்சை முத்திரைக்குப் பக்கத்தில், பொன்னாலேயே கையால் எழுதிய ஓர் எண் இருக்கிறது. அலங்கார எண்ணாக இருக்க வேண்டும், சாஸரின் அடியிலும் அதே எண், அதே கையெழுத்துச் சாய்வு. ஸம்மல்டாஸ என்றால் மூன்று உருப்படி. கேக் தட்டு எங்கோ போய்விட்டது. அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பணப்பைக்குள் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைச் சந்தையில் தந்த நிறத் தட்டு எது கண்ணில் பட்டாலும் கவிழ்த்துப் பார்க்கிறேன்.